இடது கைக்கான ஃபைல்கள்

என் மச்சான் பத்தொன்பது நாட்களாக ஸ்டாண்டை விட்டு பஸ்ஸை எடுக்கவே இல்லை.

கம்ப்யூட்டர் பஸ்தான். காலை எட்டு மணிக்கு கேமுக்குள் போவார். பதினான்காம் நம்பர் வண்டியை டெப்போவிலிருந்து எடுத்து ஸ்டாண்டில் கொண்டுவந்து நிறுத்துவார். அதோடு சரி. திரையில் பயணிகள் ஏறி உட்கார்வார்கள், நெளிவார்கள், கைக்கடிகாரம் பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் மூலையில் சிவப்பு எழுத்தில் புகார்கள் வர ஆரம்பிக்கும். மச்சான் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் வர வேண்டிய வண்டி வரவில்லை. அது ஏன் வரவில்லை என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்துகொண்டே பல் விளக்கி, டீ குடித்து, "வரேன் மச்சான்" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

மச்சான் என்றால் அக்கா வீட்டுக்காரர், நான் அவர்களோடுதான் தங்கியிருந்தேன். நிஜமாகவே இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். நான்கு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. இடது காலுக்குப் பாதித் தெம்பு திரும்பியது. இடது கைக்குத் திரும்பவில்லை. அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. காலை ஆறரைக்குக் கிளம்பினால் மூன்றரைக்குத்தான் வருவாள். அதுவரை மச்சான் தனியாள். முதல் ஆறு மாதம் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிற டிரைவர்களை எல்லாம் திட்டித் தீர்த்தார். சிக்னல் போடாமல் திரும்புகிறவனுக்கு ஒரு வசை, ஹாரனில் கையை வைத்தால் எடுக்காதவனுக்கு இரண்டு. அப்புறம் திட்டுவதையும் நிறுத்திவிட்டார். அப்போதுதான் அக்காவுக்கு பயம் வந்தது.

நான் அந்த பஸ் கேமுக்கு மாட் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. மாட் என்றால் வேறொன்றுமில்லை, கம்பெனி கொடுக்காமல் விட்டதை விளையாடுகிறவர்களே எழுதி, கேமில் அதற்கென்று இருக்கும் ஃபோல்டரில் போட்டுக்கொள்வது. புது வண்டி, புது வழித்தடம், மழை, டிராஃபிக், எதுவானாலும். எல்லாம் இலவசம். அக்காவின் காதில் அந்த வார்த்தை 'மாடு' என்றுதான் விழும். தம்பி என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால், பொழுதன்னைக்கும் மாடு மேய்க்கிறான், ஒரு சொட்டுப் பால் கிடையாது என்பாள்.

மச்சானுக்காக ஒரு மாட் எழுதினேன். கிளட்ச், கியர், ஸ்டியரிங், கதவு எல்லாம் வலது கையின் ஐந்து விரலுக்குள் அடங்கிவிடும். அதில் கிளட்ச்தான் உயிரை எடுத்தது. அது பிடிக்கிற இடம் எந்த எண்ணில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, நான் சைக்கிளையே தள்ளிக்கொண்டு போகிற ஆள். மச்சான் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்வார். நான் எண்ணை ஒவ்வொன்றாக ஏற்றி எஞ்சின் சத்தத்தைக் கேட்க வைப்பேன். சரியான இடம் வந்ததும் "ம்" என்பார். அந்த "ம்"மை எழுதிக்கொள்வேன். ஒவ்வொரு கியருக்கும், மேட்டுக்கும், இறக்கத்துக்கும் தனித்தனி "ம்". மூன்று வாரம் அப்படியே போனது. 'ஒத்தக்கை' என்று பேர் வைத்து வெளியிட்டேன்.

ஒரு கையை வைத்துக்கொண்டு பஸ் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஆயிரக்கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் தன்னைத் தையல்காரி என்று சொல்லிக்கொண்டார். துணி ஃபேக்டரி மிஷினில் வலது கையை மணிக்கட்டோடு இழந்தவர். என் மாட் வலது கைக்கு. அவரிடம் இருந்தது இடது கை. செய்து கொடு என்று அவர் கேட்கவில்லை. தானே கற்றுக்கொண்டு, எட்டு மாதம் மல்லுக்கட்டி, இடது கைக்கான பதினோரு ஃபைல்களை எழுதி எனக்கு அனுப்பினார். வலது கைக்கு எழுதியதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட்டால் வேலை முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவருடைய ஃபைல்களைப் படித்தபோதுதான் ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக யோசிக்க வேண்டும் என்று தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. அவற்றையும் ஒத்தக்கையோடு சேர்த்து வெளியிட்டேன்.

ஒவ்வொரு ஃபைலின் முதல் வரியிலும் 'தைத்தது: தையல்காரி' என்று எழுதியிருந்தார். மாட் எழுதுகிறவர்களுக்குச் சட்டதிட்டம் எதுவும் கிடையாது, இந்த முதல் வரி ஒன்றைத் தவிர. அடுத்தவர் ஃபைலை எடுக்கலாம், வெட்டலாம், ஒட்டலாம், தலைகீழாக மாற்றலாம். முதல் வரியில் இருக்கிற பெயரை மட்டும் தொடக்கூடாது. தொட்டவனை எங்கள் இணைய மன்றத்தில் யாரும் சேர்க்கமாட்டார்கள். நானே இரண்டு பேரை அப்படி விரட்டியிருக்கிறேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

மச்சானும் அவரும் தினமும் ஒரே வழித்தடத்தில் ஓட்டினார்கள். மச்சான் முன்வண்டி, அவர் பின்வண்டி. காதில் ஹெட்போன், வண்டியோடு வழித்தடத்துக்கு வந்தால்தான் பேச்சு கேட்கும். இவர் "தங்கச்சி" என்பார், அவர் "அண்ணா" என்பார். நேரில் பார்த்ததில்லை, நிஜப் பெயர் தெரியாது, எந்த ஊர் என்றும் தெரியாது. ஆனால் எந்த வளைவில் அவர் பிரேக்கைத் தாமதமாகப் போடுவார் என்று மச்சானுக்குத் தெரியும். மச்சான் அவர்களுக்குள் ஒரு விதி வைத்திருந்தார். பின்வண்டி ஸ்டாண்டுக்குள் வந்து விளக்கைச் சிமிட்டினால்தான் முன்வண்டி கிளம்பும். அவருடைய டெப்போவில் கடைசி வண்டிகளுக்கு அப்படி ஒரு பழக்கம் உண்டாம், வழியில் ஒன்று நின்றுபோனால் இன்னொன்று ஆட்களை ஏற்றிக்கொள்ளலாம் என்று. மச்சான் மறுபடி சிக்னல் போடாதவர்களைத் திட்ட ஆரம்பித்தார். அக்கா அதைக் கேட்டுவிட்டு சமையலறையில் நின்று அழுதாள்.

அந்த மாட்டைப் பார்த்துத்தான் கேம் கம்பெனி என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் காலை, எங்கள் மேலாளர் எல்லோரையும் உட்கார வைத்து, அடுத்த பதிப்பிலிருந்து மாட் ஃபோல்டர் கிடையாது என்றார். கம்பெனி முத்திரை இல்லாத எந்த ஃபைலும் இனி கேமுக்குள் நுழையாது. மன்றத்தையும் மூடிவிடுவார்கள். பாதுகாப்புக்காக என்றார். அவர் நல்ல பெண்மணி, சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கேமோடு தனியாகச் சேர்த்துக்கொள்ள கம்பெனியே விலை போட்டு விற்கப்போகிற ஆட்-ஆன்கள் பத்து தயாராக இருந்தன. அதைவிட நல்ல வண்டி பக்கத்து ஃபோல்டரில் சும்மா கிடைத்தால் எவன் வாங்குவான்? வெளி ஃபைல்களைத் தடுக்கும் பூட்டை எழுதும் வேலை எனக்கு வந்தது. அந்த ஃபோல்டர் எப்படி இயங்குகிறது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆள் அங்கே இல்லை.

ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். ஒத்தக்கை என்னவாகும்? அதற்கும் அவர் பதில் வைத்திருந்தார். அதையும் ஒரு ஆட்-ஆனாகக் கம்பெனியே வெளியிடும், என் பெயரோடு. மச்சானுக்கு வண்டி நிற்காது என்ற நிம்மதி வந்தது. திரையில் என் பெயர் வரும் என்ற குஷியும் வந்தது. எது முதலில் வந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

ஒரு படிவம் கொடுத்தார்கள். 'இது முழுக்க உங்கள் சொந்த உழைப்பா?' இல்லை என்றால் மற்றவர்களிடம் எழுதி வாங்க வேண்டும், சட்டப் பிரிவு பார்க்க வேண்டும், மூன்று மாதம் ஆகும். பூட்டு விழ ஒன்பது நாள்தான் இருந்தது. படிவத்தோடு ஒரு சோதனையும் உண்டு. எல்லா ஃபைலையும் துழாவி, வேறு யாருடைய பெயராவது இருந்தால் சிவப்பாகக் காட்டும். பதினோரு ஃபைல் சிவப்பாக வந்தன.

அந்த வரியை அழித்திருந்தால் ஒரு நிமிட வேலை. விரல் அதன்மேல் போனது. கை கூசியது. அடுத்தவர் பெயரை அழித்துவிட்டு என் பெயரில் விற்பதா? அந்தக் கேவலத்தை நான் செய்யமாட்டேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்து, அந்தப் பதினோரு ஃபைலையும் மொத்தமாக வெளியே எடுத்தேன். சிவப்பு போய்விட்டது. மிச்சம் இருந்தது என் உழைப்புதான், அதனால் பொய்யும் இல்லை. 'ஆம்' என்ற கட்டத்தைத் தொட்டேன். மிச்சத்தில் மச்சானுடைய மூன்று வாரத்து "ம்"கள் இருந்தன. அதற்குப் பெயர் இல்லாததால் சோதனையில் அது சிவப்பாகவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. இடது கைக்காரர்களுக்கு அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம், தையல்காரிக்கு அப்புறம் ஒரு கடிதம் போடலாம் என்று நினைத்தேன். அன்று மதியம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆட்-ஆன் வந்த அன்று மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு இலவசமாகவே கிடைக்கும் என்று சொல்லியும் கேட்காமல், உன் சரக்கை நான் ஓசியில் வாங்குவேனா என்று காசு கொடுத்து வாங்கினார். திரையில் என் பெயர் வந்ததும் நிறுத்திவைத்து அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். மாடு கடைசியில் பால் கொடுத்துவிட்டதா என்று அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் எட்டு மணிக்கு பின்வண்டி வரவில்லை. மச்சான் பத்து மணிவரை நின்றுவிட்டு டெப்போவுக்குத் திரும்பினார். சாயங்காலம் என்னைக் கேட்டார். சர்வரில் ஏதோ கோளாறு என்றேன். மூன்றாம் நாள் கேட்டபோது, ஊருக்குப் போயிருப்பார்கள் என்றேன். அதே மூன்றாம் நாள்தான் எனக்கு ஒரு மெயில் வந்தது. அனுப்பியவர் தையல்காரி. தலைப்பு, 'இடது கையைக் காணவில்லை'. நான் திறக்கவில்லை. திறக்காத மெயில் தடித்த எழுத்தில் நிற்கும். தினமும் அதைத் தாண்டித்தான் மற்ற மெயில்களுக்குப் போக வேண்டும். தாண்டிப் போனேன். அக்கா வீட்டு எட்டு மணியையும் தாண்ட, ஏழரைக்கே ஆபீஸுக்குக் கிளம்ப ஆரம்பித்தேன். தம்பிக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அக்கா பெருமைப்பட்டுக்கொண்டாள்.

இருபதாவது நாள் சனிக்கிழமை. முந்தின இரண்டு வாரக் கடைசியிலும் ஆபீஸில் வேலை என்று சொல்லிப் போய்விட்டேன், இந்தத் தடவை தப்பிக்க வழியில்லை. கூடத்தில் மச்சான் வழக்கம்போல் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார். திரையில் புகார்கள் ஏறிக்கொண்டே போயின. எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. குற்றம் செய்தவனுக்குத்தானே முதலில் கோபம் வரும். மற்றவர்கள் எல்லாம் ஓட்டவில்லையா, ஒரு ஆளுக்காக எத்தனை நாள் நிற்பது, எடுத்துக்கொண்டு போங்கள் என்று சத்தம் போட்டேன்.

மச்சான் ஹெட்போனைக் கழற்றினார். கழற்றுவதற்கு ஒரு கைதான் என்பதால் அது காதில் மாட்டி, முடியில் மாட்டி, மெதுவாக வந்தது. அக்காவிடம் சொல்லி ஆஸ்பத்திரியில் விசாரிக்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். நிஜப் பெயர் தெரியாத, ஊர் தெரியாத ஒருத்தியை. வலது கை இல்லாத பெண் யாராவது இந்த மாதம் சேர்ந்திருக்கிறார்களா என்று அக்காவும் ஒவ்வொரு வார்டாகக் கேட்டிருக்கிறாள்.

"சொல்லாம நிக்கிற ஆள் இல்ல மாப்ள அது. ஒருவேளை போயிட்டாங்களோன்னு இருக்கு" என்றார். கண் கலங்கியிருந்தது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "நல்லாத்தான் இருக்காங்க மச்சான். நான்தான் அவங்க ஃபைல எடுத்துட்டேன்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். படிவம், சிவப்பு, பதினோரு ஃபைல், திறக்காத மெயில். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஜன்னலில் உட்கார்ந்து ஊரில் இருக்கிற டிரைவரை எல்லாம் திட்டியவர்தானே. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இருபத்திரண்டு வருஷத்துல, படியில ஒரு கால் வச்ச ஆள விட்டுட்டு ஒரு நாள் நான் வண்டிய எடுத்ததில்ல" என்றார்.

நான் வாயைத் திறந்தேன்.

"எனக்காகச் செஞ்சேன்னு மட்டும் சொல்லாத மாப்ள."

அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். இருபது நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்ததும் அதைத்தான்.

ஆபீஸில் போய் உண்மையைச் சொல் என்றார். சொன்னால் சட்டப் பிரிவு பார்த்து முடிக்கும்வரை ஆட்-ஆனையே நிறுத்திவிடுவார்கள், வாங்கியவர்களிடமிருந்தும் போய்விடும், உங்களுக்கும் வண்டி இருக்காது என்றேன். திரும்ப எப்போது வரும் என்று தெரியாது, வராமலும் போகலாம் என்றேன். மச்சான் திரையின் பக்கம் திரும்பினார். நடுவிரலால் எஞ்சினை நிறுத்தினார், கட்டைவிரலால் இரண்டு கதவையும் திறந்தார். "வண்டி போகாது, எல்லாரும் இறங்கிக்குங்க" என்று தன் பழைய டிரைவர் குரலில் சொன்னார். படத்தில் இருந்த மனிதர்கள் வரிசையாக எழுந்து இறங்கினார்கள்.

திங்கட்கிழமை மேலாளரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அன்றைக்கே சொல்லியிருந்தால் உங்கள் ஒத்தக்கைக்கு மட்டும் பூட்டைத் தள்ளிப்போடக் கேட்டிருப்பேனே, ஏன் கேட்கவில்லை என்றார். நிஜமாகவே கேட்டிருப்பாரா, இப்போது சொல்வதால் என்ன செலவு என்று சொன்னாரா, தெரியவில்லை. ஆனால் நான் கேட்கவில்லை என்பது உண்மை. மதியத்துக்குள் ஆட்-ஆனை இறக்கிவிட்டார்கள். வேலை போகவில்லை. போயிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று தோன்றியது, அப்படித் தோன்றியதும் என்மேலேயே எரிச்சலாக வந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மச்சான் வழக்கம்போல் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கம்ப்யூட்டரைப் போடவில்லை. அவங்களுக்கு எழுதியாச்சா என்று கேட்டார். இல்லை என்றேன். பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளினார். உட்கார்ந்து, போனில் அந்த மெயிலைத் திறந்தேன்.

ஆட்-ஆனை முதல் நாளே வாங்கிவிட்டேன் என்று எழுதியிருந்தார். இடது கையைக் காணோம், எல்லாப் பட்டியலிலும் தேடிவிட்டேன், வேறெங்காவது மாற்றி வைத்திருப்பீர்கள், எனக்குத்தான் தெரியவில்லை போல, எங்கே என்று மட்டும் சொன்னால் போதும், அண்ணா எட்டு மணிக்குக் காத்திருப்பார் என்று எழுதியிருந்தார். மச்சானுக்குக் கேட்கும்படி படிக்கப் படிக்க எனக்கு முகம் எரிந்தது.

பதில் எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். மன்னிப்புக் கேட்டேன். இருநூறு பேராவது உங்களைப்போல் இடது கையை நம்பி இருந்தவர்கள், அத்தனை பேரையும் வெளியே நிறுத்திவிட்டேன் என்று எழுதினேன். உங்கள் ஃபைல்களை உங்கள் பெயரோடு சேர்க்க இப்போது அனுமதி கேட்கிறேன் என்று ஒப்புதல் படிவத்தை இணைத்தேன். ஒரு வரியை மட்டும் எழுதலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கி, பிறகு எழுதினேன். அவரும் எங்களில் ஒருவர்தானே, இது ஒன்றாவது அவருக்குப் புரியும் என்று நினைத்தேன். 'எவ்வளவோ தவறு செய்திருக்கிறேன், ஆனால் உங்கள் பெயரை மட்டும் நான் அழிக்கவில்லை' என்ற வரி அது.

முக்கால் மணி நேரத்தில் பதில் வந்தது. படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். கீழே நான்கு வரி. மச்சான் சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

'அனுமதி கொடுத்துவிட்டேன் சார். ஒரே ஒரு சந்தேகம். பெயரை அழித்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது, நான் பாட்டுக்கு வந்து ஓட்டிக்கொண்டிருந்திருப்பேன். பெயரை எடுத்துவிட்டுக் கையை விட்டு வைத்திருக்கலாமே?'

மச்சான் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். ஆரம்பித்தேன். இரண்டாவது வரியோடு நிறுத்திவிட்டேன். மிச்சத்தை அவரே எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டார்.